நான்கு செவ்வாய்க்கிழமைகள்

மதிய உணவுக் கூடத்தின் மறுகோடியில் ஜோசி நுழைந்தபோதே, அவள் ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டாள் என்று கைசாவுக்குத் தெரிந்துவிட்டது. தட்டைக்கூட எடுக்காமல் மேசைகளுக்கு நடுவே புகுந்து வந்துகொண்டிருந்தாள். பாதி வழியிலேயே அவள் கைகள் பேசத் தொடங்கிவிட்டன.

"போனை வை. முதல்ல அதைக் கீழ வை, அப்பதான் சொல்வேன்."

கைசா போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

மூன்று வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் ஜோசிக்குக் காது போய்விட்டது. இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த வீடு. கைசா சைகை மொழியை யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. ஐந்து வயதில் ஜோசியோடு சண்டை போடுவதற்காகக் கற்றுக்கொண்டாள். இப்போது இருவரும் பதினொன்றாம் வகுப்பு. வகுப்பில் ஆசிரியர் பேசுவதைச் சைகையில் சொல்ல ஜோசிக்கென்று மிஸஸ் ரஸ்க் என்று ஒருவர் உண்டு. ஆனால் அந்தப் பள்ளியில் ஜோசி வயிறு குலுங்கச் சிரிக்கும்படி பேசக்கூடியவள் கைசா ஒருத்திதான்.

"ஆர்வோ," என்று விரல்களால் எழுத்தெழுத்தாகச் சொன்னாள் ஜோசி. "கார் கழுவற கடை வெச்சிருக்கானே, அந்த ஆர்வோ. செவ்வாய்க்கிழமை ஆனா அந்த ஆளு, கார்ல ஒட்டின ரோட்டு உப்பைக் கழுவின தண்ணியை ஓடையில திறந்து விடறான்."

"என்னடி உளர்றே?"

"உளரல. இதைப் பாரு."

பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்துத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு விரித்தாள். நவம்பரிலிருந்து அவர்கள் செய்துகொண்டிருக்கும் வேலை அது. குளிர்காலத்தில் பனிக்கட்டி உருகுவதற்காகச் சாலையில் கொட்டுகிற உப்பு எவ்வளவு தூரம் ஊர் ஓடையில் கலந்து சுப்பீரியர் ஏரிக்குப் போகிறது என்று பார்க்கவேண்டும். ஓடைக்குக் குறுக்கே மூன்று பாலங்கள். ஒவ்வொரு பாலத்திலிருந்தும் கயிற்றில் கட்டிய டப்பாவை இறக்கித் தண்ணீர் எடுத்து, பேனா மாதிரி இருக்கும் ஒரு கருவியை அதில் முக்கினால் உப்பின் அளவு எண்ணாகத் தெரியும். வாரம் இரண்டு முறை. சனிக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து போவார்கள். செவ்வாய் மாலை ஜோசிக்குப் பனிச்சறுக்குப் பயிற்சி இருந்ததால் அன்றைக்குக் கைசா மட்டும். மார்ச் கடைசியில் வட்டார அறிவியல் போட்டி.

வரைபடத்தில் ஜனவரியில் இரண்டு இடங்களில் கோடு ஈட்டி மாதிரி எழும்பியிருந்தது. இரண்டும் செவ்வாய்க்கிழமை. நடுப் பாலம், எண்ணூற்று அறுபது.

"அந்த ரெண்டு வாரமும் ரோட்டுல உப்பே கொட்டலடி. பனி லாரி ஓட்டற உங்க அம்மாவை நேத்துக் கேட்டேன். குளிர் அந்த அளவுக்கு இறங்கிட்டா உப்பு வேலை செய்யாதாம். வெறும் மணல்தான் போட்டாங்களாம். அப்புறம் ஓடைக்கு உப்பு எங்கேருந்து வந்துச்சு? மேல் பாலத்துல இல்ல, நடுப் பாலத்துல இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல என்ன இருக்கு? ஆர்வோவோட கடை. அவன் குழாய் நேரா ஓடையிலதான் விழுது, காலையில போய்ப் பார்த்துட்டே வந்தேன்." ஜோசியின் கன்னங்கள் சிவந்திருந்தன. "நம்ம ரெண்டு பேரும் கண்டுபிடிச்சிருக்கோம், கைசா. வேற யாருக்கும் தெரியாது."

கைசா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணூற்று அறுபது. அதை எங்கே உட்கார்ந்து எழுதினோம் என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பாலத்தில் அல்ல. நூலக வாசலுக்கு உள்பக்கம், வெந்நீர்க் குழாய் ஓடுகிற சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில். ஐந்து நிமிடம் கதகதப்பாக உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று போனை எடுத்தாள். ஒரு வீடியோ, அடுத்தது, அதற்கடுத்தது. நிமிர்ந்து பார்த்தபோது கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருட்டிவிட்டிருந்தது. பனி அவ்வளவு கொட்டியிருக்கிறதே, உப்பும் நிறையத்தான் கொட்டியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டு நோட்டில் மூன்று எண்களை எழுதினாள். அடுத்த வாரமும் அப்படியே. டிசம்பரில் ஒன்று, பிப்ரவரி தொடக்கத்தில் ஒன்று. ஆக மொத்தம் நான்கு செவ்வாய்க்கிழமைகள்.

"என்னடி, பேச்சையே காணோம்?"

"கருவி ஏதாவது கோளாறா இருக்குமோ," என்றாள் கைசா.

"ரெண்டு தடவையும் அதே இடத்துலயா?"

அப்போது மேசைமேல் போன் அதிர்ந்தது. கைசாவின் கை தானாகப் போய் அதைத் திருப்பியது. கண்ணும் கூடவே போயிற்று. யாரோ எதற்கோ சிரிப்பு முகம் அனுப்பியிருந்தார்கள். நிமிர்ந்தபோது ஜோசி வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"உன் கையில அது இருந்தா உனக்கு வாயும் இல்ல, காதும் இல்ல," என்றாள். "ஊர்ல என்னைப் போய்ச் சொல்றாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் அது அவளுடைய வழக்கமான சிரிப்பாக இல்லை.

*

கைசாவின் அம்மா டார்லா கவுன்ட்டியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின், பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள். பனி விழுகிற நாட்களில் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். திரும்பி வரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து, அன்றைக்கு எந்த வளைவில் யார் கார் பள்ளத்தில் இறங்கியது, எந்தச் சாலையில் உப்பு, எந்தச் சாலையில் மணல் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். கைசா "ம்" கொட்டுவாள். ஜனவரியில் அம்மா மணலைப் பற்றிச் சொல்லித்தான் இருக்கவேண்டும். அந்தச் சமையலறையிலேயே, எதிரே உட்கார்ந்து. ஜோசி காகிதத்தில் எழுதிக் கேட்டுத் தெரிந்துகொண்டது, காதுள்ள கைசாவின் காதில் ஏறவில்லை.

எப்போதும் இப்படி இருந்தவள் அல்ல. ஒன்பதாம் வகுப்புவரை தொண்ணூறுக்குக் குறைந்து அவள் வாங்கியதில்லை. இப்போது வேதியியலில் அறுபத்தொன்று, வரலாற்றில் ஐம்பத்தெட்டு. முதல் பீரியடில் தாடையைக் கையில் தாங்கியபடி கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகியிருந்தாள். ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் நான்கு முறை கை பாக்கெட்டுக்குப் போகும். அம்மா ஏதாவது கேட்டால் எரிந்து விழுவாள். விழுந்த பிறகு ஏன் விழுந்தோம் என்று அவளுக்கே தெரியாது.

வேதியியல் ஆசிரியர் பெலாஞ்சர் வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தியதாகப் புதன்கிழமை ஜோசி வந்து சொன்னாள். கவுன்ட்டி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னாராம். வெள்ளிக்கிழமை அவரே பள்ளியின் பெயரில் அனுப்பிவைப்பாராம். ஜோசி அன்றைக்கே கடிதத்தை எழுதிக் கொண்டுவந்து காட்டினாள். அதில் ஆர்வோ கோர்பெலாவின் பெயர் முழுதாக இருந்தது. கடையின் முகவரியும் இருந்தது.

ஆர்வோவை ஊரில் எல்லோருக்கும் தெரியும். பனிச்சறுக்கு அணியின் வண்டியை ஒவ்வொரு திங்கட்கிழமையும் சும்மா கழுவிக் கொடுக்கிறவர். மழுங்கச் சிரைத்த முகமும் ரப்பர் பூட்ஸுமாக, யாராவது நன்றி சொன்னால் சங்கடப்பட்டுத் திரும்பிக்கொள்கிற மனிதர்.

"நல்ல மனுஷன்னு நினைச்சேன்," என்றாள் ஜோசி. "பாரேன்."

அன்று மாலை கைசா தன் அறையில் படுத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் தள்ளிக்கொண்டே இருந்தது, கண் ஓடிக்கொண்டே இருந்தது, ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. எதை மறக்க அதை எடுத்தாளோ அது அந்த வெளிச்சத்துக்குப் பின்னாலேயே நின்றது. கவுன்ட்டிக்காரர்கள் வந்து ஆர்வோவின் தரையைத் தோண்டிப் பார்ப்பார்கள். ஒன்றும் இருக்காது. அதற்குள் ஊர் முழுக்கப் பேசி முடித்திருக்கும். ஜோசிதான் எழுதினாள் என்றும் சொல்வார்கள்.

*

வியாழக்கிழமை மதியம் ஆய்வகத்தில் ஜோசி குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கைசா அவள் தோளைத் தொட்டாள். போனை வெளியே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். வழியெல்லாம் பாக்கெட்டைத் தடவிக்கொண்டுதான் வந்தாள்.

"அந்தக் கடிதம் போகக் கூடாது."

"ஏன்?"

"அந்த நம்பரெல்லாம் நான் போட்டது. நான் பாலத்துக்கே போகல."

ஜோசிக்குப் புரியவில்லை. கைசா மறுபடி சொன்னாள். நான்கு தேதிகளையும் சொன்னாள். நூலக வாசல், பெஞ்ச், போன், எல்லாவற்றையும் சொன்னாள். வாயால் சொல்வதாக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்திருக்கலாம். சைகையில் அதற்கு வழியில்லை. கேட்கிறவள் முகத்தைப் பார்த்துத்தான் ஒவ்வொரு சொல்லையும் சொல்லியாகவேண்டும். ஜோசியின் முகம் மாறிக்கொண்டே போனதைக் கடைசி வரை பார்த்தபடியே சொன்னாள்.

"என்னை மன்னிச்சிடு, நான்..." என்று அவள் தொடங்கியபோது ஜோசி கண்களை மூடிக்கொண்டாள்.

கைகள் அந்தரத்தில் நின்றன. எதிரே இருப்பவள் கண்ணை மூடிக்கொண்டால் அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. சின்ன வயதுச் சண்டைகளில்கூட ஜோசி இதை ஒன்றிரண்டு முறைதான் செய்திருக்கிறாள். கைசா காத்திருந்தாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. போய் நிறுத்தினாள். திரும்பி வந்தபோதும் ஜோசி அப்படியேதான் நின்றாள். மூடிய இமைகளின் ஓரத்தில் ஈரம்.

அப்புறம் கண்ணைத் திறந்தாள்.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அந்த மனுஷன் தலையில கல்லைப் போட்டிருப்பேன். என் கையால." ஈரக் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். "நீ பக்கத்துல உட்கார்ந்து கடிதத்தைப் படிச்சே. எழுத்துப் பிழை திருத்தினே."

"ஆமா."

"சார்கிட்ட நீ போய்ச் சொல்லு. நான் வரமாட்டேன். இனிமே செவ்வாயும் நானே போய்க்கிறேன்."

"உனக்குப் பயிற்சி இருக்கே."

"விட்டுடறேன்," என்று சொல்லிவிட்டு ஜோசி குடுவைகளை அப்படியே போட்டுவிட்டுப் போனாள்.

பெலாஞ்சர் கைசா சொன்னதை நடுவில் பேசாமல் கேட்டார். மேசை இழுப்பறையைத் திறந்து கடித உறையை எடுத்து, இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

"நாளைக்கு வந்து சொல்லியிருந்தா தபால்ல போயிருக்கும்," என்றார். "உன் பங்குக்கு இந்த வேலையில முட்டைதான். அதைத் தவிர வேற வழியில்ல எனக்கு."

"சரி சார்."

"போட்டிக்குப் போறதா வேண்டாமான்னு ஜோசிதான் சொல்லணும்."

*

அன்று மாலை டார்லா பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கைசா போனைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள்.

"இதைக் காலையில லாரியில எடுத்துக்கிட்டுப் போயிடும்மா. ராத்திரியும் உன் ரூம்லயே இருக்கட்டும்."

டார்லா மகளை நிமிர்ந்து பார்த்தாள். "என்ன பண்ணினே?"

கைசா சொன்னாள். ஒரே நாளில் மூன்றாவது தடவை. சொல்லச் சொல்லச் சுலபமாகவில்லை. டார்லாவின் ஒரு பூட்ஸ் இன்னும் காலிலேயே இருந்தது.

"நீ பாட்டுக்கு மேலே போய்க் கதவைச் சாத்திக்கிட்டா, எனக்கும் ஒருவிதத்துல நிம்மதியாத்தான் இருந்துச்சு," என்றாள். "களைச்சுப் போய் வரேன். நானும் கேட்டிருக்கணும். கேட்கல." போனை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். "ரெண்டு நாள்ல திருப்பிக் கேட்டு என்னைப் பிடுங்குவே. தரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

இரண்டு நாள் ஆகவில்லை. மறுநாள் மாலையே கேட்டாள். டார்லா தரவில்லை. கைசா கதவை அறைந்தாள், பிறகு வந்து மன்னிப்புக் கேட்டாள். முதல் வாரம் உடம்பே தன்னுடையதாக இல்லாத மாதிரி இருந்தது. பேருந்தில் எல்லோரும் குனிந்திருக்க, அவள் மட்டும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தைத் திறந்தால் பத்து நிமிடத்தில் மனசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பத்து நிமிடம் படித்தாள், எழுந்து நடந்தாள், மறுபடி பத்து நிமிடம். பத்தாவது நாள் போல, ஒன்பதரைக்கே கண் சொருகிப் போய்த் தூங்கினாள். மறுநாள் முதல் பீரியடில் விழித்திருந்தாள். அந்த வகுப்பின் பின்சுவரில் ஒரு உலக வரைபடம் தொங்குகிறது என்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"உன் போன் வாயை மூடவே மாட்டேங்குது," என்றாள் டார்லா ஒரு மாலை. "முப்பது மைலுக்கு நடுவுல நூத்துப் பதினாலு தடவை கிணுகிணுக்குது. எனக்கே பைத்தியம் பிடிச்சுடும் போல. இது எப்படிடி உன் தலைக்குள்ள இருந்துச்சு?"

போனைக் கொடுத்த பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமையே கைசா பாலங்களுக்குப் போனாள். ஜோசி வந்திருப்பாளோ என்று பார்த்தாள். பனிக்குவியலில் அவள் பூட்ஸ் தடம் இல்லை, பயிற்சியாளர் விட்டிருக்கமாட்டார். ஓடையின் ஓரங்கள் உறைந்து, நடுவில் மட்டும் கறுப்பாகத் தண்ணீர் ஓடியது. டப்பாவை இறக்கினாள். கருவி ஜோசியிடம் இருந்தது. இருந்திருந்தாலும் தான் எழுதுகிற எண்ணை யார் நம்புவார்கள்? கொண்டுவந்திருந்த மூன்று பாட்டில்களில் தண்ணீரை நிரப்பி, மேல், நடு, கீழ் என்று ஒட்டி, தேதியும் நேரமும் எழுதினாள். மறுநாள் காலை ஆய்வகத்தில் ஜோசியின் இடத்தில் வைத்தாள்.

ஜோசி வந்தாள். பாட்டில்களைப் பார்த்தாள். கைசா பக்கம் திரும்பவே இல்லை. ஒரு நிமிடம் நின்றுவிட்டு, கருவியை எடுத்து ஒவ்வொன்றிலும் முக்கி, தன் கையால் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இரண்டாம் செவ்வாயும் அதே. மூன்றாம் செவ்வாய் காற்று ஏரியிலிருந்து நேரே முகத்தில் அறைந்தது. கயிறு விறைத்துக் கம்பியாகிவிட்டது. கீழ்ப் பாலத்தில் டப்பா கைநழுவி ஓடையோடு போயிற்று. கைசா கரையோரம் மண்டியிட்டுக் கையுறையைக் கழற்றி, பாட்டிலையே நேராக முக்கி எடுத்தாள். மறுநாள் அவள் விரல் நுனிகள் சிவந்து வீங்கியிருந்தன. பாட்டில்களை வைத்துவிட்டுத் திரும்பியபோது ஜோசி எதிரே நின்றாள்.

"கையைக் காட்டு."

காட்டினாள்.

"லூசு. கம்பு ஒண்ணு எடுத்துப் பாட்டிலைக் கட்டி இறக்கத் தெரியாதா?"

"தோணல."

"எப்படித் தோணும்?" ஜோசி அவள் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சைகை மொழிக்காரர்களுக்குக் கையில் அடிபட்டால் தொண்டையில் அடிபட்ட மாதிரி. "போட்டிக்குப் போலாம்னு இருக்கேன். ஆனா அந்த நாலு நாளும் வெறும் இடமா இருக்கும். ஏன்னு கேட்டா நீதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

"சொல்றேன்."

"அப்புறம் இன்னொண்ணு. உன்மேல இன்னும் கோபமாத்தான் இருக்கேன்."

"தெரியும்."

"எப்ப போகும்னு எனக்கே தெரியாது. நீயும் கேட்டுக்கிட்டே இருக்காதே."

*

மார்ச் கடைசி சனிக்கிழமை, வட்டாரப் போட்டி. ஒரு பெரிய உடற்பயிற்சிக் கூடத்தில் அறுபது மேசைகள். அவர்கள் வரைபடத்தில் கோடு நான்கு இடங்களில் அறுந்திருந்தது. ஜோசி சைகையில் விளக்க, கைசா அதைக் குரலில் சொன்னாள். நடுவர்களில் ஒரு பெண்மணி கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு அறுந்த இடங்களில் விரலை வைத்தார்.

"இங்கெல்லாம் என்ன ஆச்சு? பனிப்புயலா?"

"இல்ல மேடம்," என்றாள் கைசா. சொல்லிக்கொண்டே கைகளாலும் பேசினாள், ஜோசிக்கும் தெரியவேண்டும் என்று. "அந்த நாள்ல எல்லாம் நான் தண்ணி எடுக்கப் போகல. போன் பார்த்துக்கிட்டே உட்கார்ந்துட்டேன். முதல்ல பொய்யா நம்பர் போட்டிருந்தேன். அதை நம்பி ஒருத்தர்மேல தப்பாப் பழி விழ இருந்துச்சு. அதனால எடுத்துட்டோம். மத்த நம்பரெல்லாம் நிஜம்."

பெண்மணி தன் தாளில் நெடுநேரம் எழுதினார். பிறகு, "பிப்ரவரிக்கு அப்புறம் பாட்டில்ல கொண்டுவந்து அளந்திருக்கீங்களே, அது யார் யோசனை?" என்று கேட்டார்.

கைசா பதில் சொல்வதற்குள் ஜோசி அவளைச் சுட்டிக்காட்டினாள்.

பரிசு எதுவும் வரவில்லை. பதினேழாவது இடம். ஆனால் கவுன்ட்டியின் சாலைத் துறையிலிருந்து வந்திருந்த ஒருவர் கீழ்ப் பாலத்து எண்களைப் படமெடுத்துக்கொண்டு, ஏப்ரலில் பனி உருகும்போதும் அளப்பீர்களா என்று கேட்டார். "அளப்போம்" என்று ஜோசியின் கைகள் சொல்லி முடிப்பதற்கு முன்பே கைசா குரலில் சொல்லிவிட்டாள். மொழிபெயர்ப்பாளர் முந்திக்கொள்ளக் கூடாது என்று ஜோசி அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

திரும்பும் வழியில் டார்லா நெடுஞ்சாலையோரக் கடையில் நிறுத்தினாள். மூவரும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் மாவுக்குள் வைத்துச் சுட்ட சூடான பாஸ்டியைச் சாப்பிட்டார்கள். டார்லா தன்னுடையதில் தக்காளி சாஸை ஊற்ற, அதில் இறைச்சிக் குழம்பு ஊற்றித் தின்கிற குடும்பத்தில் பிறந்த ஜோசி முகத்தைச் சுளித்து ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றா?" என்றாள் டார்லா.

"உனக்கு நாக்கே இல்லைன்னு சொல்றா."

"அதுக்குப் பதில் எப்படிச் சொல்றது? காட்டு."

கைசா காட்டினாள். டார்லா பாஸ்டியை மடியில் வைத்துவிட்டு, தடித்த விரல்களால் ஒருமாதிரி சொல்லி முடித்தாள். ஜோசி இரண்டு விநாடி திகைத்துப் பார்த்தாள். அப்புறம் வண்டியே ஆடும்படி சிரித்தாள்.

"உங்க அம்மா சொன்னது என்னன்னு தெரியுமா? 'என் லாரிக்குப் பசிக்குது'ன்னு சொல்லிட்டாங்க."

சிரிப்பு அடங்கியதும் ஜோசி கையைத் துடைத்துக்கொண்டு கைசாவின் பக்கம் திரும்பினாள்.

"திங்கட்கிழமை உனக்கு வரலாறு பரீட்சை இல்ல?"

"ஆமா. போன தடவை அறுபத்தாறு. எழுபத்தஞ்சு வாங்கினாத்தான் ஒழுங்காப் பாஸ் ஆவேன்."

"நோட்டை எடு. இங்கேயிருந்து வீடு போறதுக்குள்ள ரெண்டு பாடம் கேட்டுடறேன். தப்பாச் சொன்னா உன் பாஸ்டியில பாதி எனக்கு."

கைசா பின்சீட்டில் கையை நீட்டிப் பையைத் துழாவினாள். டார்லா வண்டியைக் கிளப்பினாள். சாலையின் இரு ஓரங்களிலும் பனிச்சுவர்கள் உருகி, கறுத்த தார் நனைந்து மின்னிக்கொண்டிருந்தது. ஜோசி நோட்டை மடியில் விரித்து, முதல் கேள்வியைக் கேட்கக் கைகளை உயர்த்தினாள்.